உரிமம் முடக்கப்பட்டவருக்கு எஸ்ஆர்-22: சொந்தக் கார் இல்லையென்றால் எந்தப் பாலிசி?

கேள்வி (சான் ஹோசே):
வணக்கம். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காக, என்னுடன் வசிக்கும் என் தம்பியின் ஓட்டுநர் உரிமத்தைக் கலிஃபோர்னியா டிஎம்வி (மாநில மோட்டார் வாகனத் துறை) நான்கு மாதங்களுக்கு முடக்கியிருக்கிறது. உரிமத்தைத் திரும்பப் பெற எஸ்ஆர்-22 தாக்கலாக வேண்டும் என்கிறார்கள். அவன் பெயரில் கார் இல்லை. வாரத்தில் பல நாட்கள் என் காரைத்தான் எடுத்துச் செல்வான். கார் இல்லாதவர்களுக்கென விற்கும் மலிவான பாலிசி போதுமா?

பதில் 1:
எஸ்ஆர்-22 என்பது காப்பீடு அல்ல. சட்டம் கேட்கும் அளவுக்குக் காப்பீடு இருக்கிறது என்று நிறுவனம் டிஎம்விக்கு அனுப்பும் சான்று மட்டுமே. கலிஃபோர்னியாவில் அந்தக் குறைந்தபட்ச அளவு 2025 ஜனவரி 1 முதல் உயர்ந்துவிட்டது: காயமடையும் ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பிறர் உடைமைச் சேதத்துக்கு 15,000.

நீங்கள் சொல்லும் பாலிசியின்மேலும் சான்று தாக்கல் செய்யலாம், டிஎம்வி ஏற்கும். ஆனால், ஒரே வீட்டில் இருப்பவரின் காரையோ, வழக்கமாகக் கையில் கிடைக்கும் காரையோ ஓட்டும்போது அது பொதுவாக இழப்பீடு தராது என்பதால், உங்கள் தம்பிக்கு உரிமம் கிடைத்தும் பாதுகாப்பு கிடைக்காது. அவரை உங்கள் பாலிசியில் ஓட்டுநராகச் சேர்ப்பதே முறை. பிரீமியத்துக்குப் பயந்து அவர் பெயரை எழுத்துமூலம் விலக்கிவிட்டால், அவர் ஓட்டும்போது அந்தப் பாலிசி கைகொடுக்காது; அதன் பிறகு ஒரு நாள்கூடச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பதில் 2:
தாக்கல் கட்டணம் சிறு தொகைதான். செலவு பிரீமியத்தில் இருக்கிறது. கலிஃபோர்னிய வாக்காளர்கள் 1988-இல் நிறைவேற்றிய காப்பீட்டுச் சட்டமான 103-ஆம் முன்மொழிவு நல்ல ஓட்டுநர்களுக்கு உறுதிசெய்த 20 சதவீதத் தள்ளுபடி, குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றவருக்குப் பத்து ஆண்டுகள் கிடையாது. எந்த நிறுவனமும் ஏற்க மறுத்தால், அத்தகையவர்களை நிறுவனங்களுக்குப் பங்கிட்டு ஒதுக்கும் மாநிலத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவனுக்கு டெக்சாஸில் வேலை கிடைக்கும்போலிருக்கிறது. அங்கே போய்விட்டால் இது முடிந்துவிடுமா?

பதில் 1:
முடியாது. சான்றைக் கேட்டது கலிஃபோர்னியா. அதன் மூன்று ஆண்டுக் காலம் முடியும்வரை அதற்கே சான்று நீடிக்க வேண்டும். இடையில் பாலிசி ரத்தானால், தவணை தவறியதானாலும் சரி, நிறுவனம் டிஎம்விக்குத் தெரிவித்தே தீரும். உரிமம் மறுபடி முடங்கும். ஆகவே புதிய பாலிசி தொடங்கி, அதன்மேல் சான்று போய்ச் சேர்ந்த பிறகே பழையதை நிறுத்தச் சொல்லுங்கள். டெக்சாஸ் பாலிசியின்மேல் கலிஃபோர்னியாவுக்குச் சான்று அனுப்புவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். எல்லா நிறுவனங்களும் அனுப்புவதில்லை.