சீலிங் மைக்: பேசுபவரை விட்டுப் பக்கத்து ஆளிடம் போகும் கேமரா

அவினாசி ரோடு:
திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி மீட்டிங் ஹால். வெளிநாட்டு பையரோடு வீடியோ கால் பேசத்தான் இந்த ஏற்பாடு. ஃபால்ஸ் சீலிங்கில் சதுர மைக், டிவிக்குக் கீழே தானாகத் திரும்பி ஜூம் செய்யும் பிடிஇசட் கேமரா. யார் பேசுகிறார் என்று மைக் சொல்ல, கேமரா அவர் பக்கம் திரும்ப வேண்டும். மைக்குக்கு நேர் கீழே உட்காரும் மெர்ச்சண்டைசர் பேசினால் கேமரா சரியாகக் காட்டுகிறது. இரண்டு நாற்காலி தள்ளி இருக்கும் டையிங் மாஸ்டர் வாயைத் திறந்தால், அவரைத் தாண்டி ஓரத்து அக்கவுண்டண்டிடம் போய் நிற்கிறது. பையர் பேசும்போது இன்னும் கூத்து, ஆளே இல்லாத மூலைக்குத் திரும்புகிறது. மாட்டிக் கொடுத்தவர்கள் மைக்கையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

கொங்கு ஏவி:
அவசரப்படாதீங்க. நேர் கீழே சரி, தள்ளிப் போகப் போகத் தப்பு என்றால் முதலில் தரையிலிருந்து மைக்கின் உயரத்தைப் பாருங்க. குரல் எந்தச் சாய்வில் வருகிறது என்பதுதான் மைக்குக்குத் தெரியும். ஆள் எத்தனை அடி தள்ளி என்பதை, நாம் கொடுத்த உயரத்தை வைத்துக் கணக்குப் போடும். டேப் பிடித்து அளந்து, சாஃப்ட்வேரில் இருப்பதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்க.

அவினாசி ரோடு:
சாஃப்ட்வேரில் 12 அடி. அளந்தால் 9 தான் வருகிறது. அதற்கு மேலே இருக்கும் கான்கிரீட் கூரைதான் 12.

கொங்கு ஏவி:
அதேதானுங்க. உட்கார்ந்திருப்பவர் வாய் தரையிலிருந்து சுமார் 4 அடி. நிஜ இடைவெளி 5 அடி, மைக் வைத்திருக்கும் கணக்கோ 8 அடி. அதனால் 5 அடி தள்ளி இருப்பவரை 8 அடியில் இருப்பதாகச் சொல்லும். டையிங் மாஸ்டர் அக்கவுண்டண்ட் ஆனது இப்படித்தான்.

பையர் குரல் வேறு விஷயம். டிவி ஸ்பீக்கர் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் மைக்குக்கு ஆள் பேச்சுதான். எதிரொலி நீக்கும் ப்ராசசருக்கு அந்த ஆடியோ ரெஃபரன்ஸாக, அதாவது எது பையர் குரல் என்று அடையாளம் காணும் நகலாக, போகிறதா? போனால், பையர் பேசும் நேரம் கேமராவுக்குக் கட்டளை போகாமல் நிறுத்தலாம். மைக் குரல் எடுக்க வேண்டிய இடமான கவரேஜ் ஏரியாவையும் நாற்காலி வரிசையோடு நிறுத்துங்க. ஷூர் எம்எக்ஸ்ஏ920 என்ற சீலிங் மைக்கில் 8 ஏரியா வரை தனித்தனியாக வரையலாம்.

பீளமேடு தம்பி:
திரும்பும் நேரத்தையும் பாருங்கண்ணா. எங்க காலேஜ் செமினார் ஹாலில் டீ டம்ளரை டொக்கென்று வைத்தாலே கேமரா ஓடும். ஒன்றரை விநாடி தொடர்ந்து பேசினால்தான் திரும்பும்படி வைத்தோம். எல்லோரும் சும்மா இருந்தால் முழு ஹால் காட்டும் ப்ரீசெட் (முன்பே பதிந்து வைத்த கேமரா நிலை). கேசட் ஏசி காற்று மைக் மேல் அடித்தால் அதையும் திருப்பி விடுங்க.

அவினாசி ரோடு:
9 போட்டதும் டையிங் மாஸ்டர் வந்துவிட்டார், நன்றிங்க. ஆனால் ரெஃபரன்ஸே கொடுக்கவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ நேராக டிவிக்குப் போகிறது.

கொங்கு ஏவி:
கம்ப்யூட்டர் சவுண்டை யூஎஸ்பி வழியாக ப்ராசசருக்குக் கொடுத்து, அங்கிருந்து தனி ஸ்பீக்கருக்கு எடுங்க. டிவியை மியூட்டில் போடுங்க. டிவி வழியாகப் போனால் ஒலி கொஞ்சம் தாமதமாகும், யாராவது ரிமோட்டில் வால்யூமை ஏற்றினால் ரெஃபரன்ஸ் அளவும் ஒத்துப்போகாது. அப்புறம் பழைய ப்ரீசெட்டெல்லாம் 12 அடிக் கணக்கில் பொருத்தியது, ஒவ்வொரு நாற்காலியிலும் ஆளை உட்கார வைத்துப் புதிதாகப் பதியுங்க.