பிளெஸ் போட்டா க்ரிட் கூடுமா? உங்க டேபிள்ல நடந்ததச் சொல்லுங்க

போன செஷன்ல நடந்தது, டைஸ் உருட்டி ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஃபிஃப்த் எடிஷன். ஃபைட்டர் உருட்டினான், 20 பக்க டைஸ்ல 17 விழுந்துச்சு, பிளெஸ் (ரோலோட ஒரு டி4, அதாவது நாலு பக்க டைஸ், கூட்டிக்க விடுற ஸ்பெல்) இருந்ததால டி4-ல 3 வந்துச்சு, உடனே "20 ஆச்சு, க்ரிட்டு!"ன்னு எந்திரிச்சே நின்னுட்டான். க்ரிட்னா டேமேஜ் டைஸ் டபுளாகுற அடி. கேம நடத்துற டிஎம் அசையவே இல்ல, டைஸ்ல 20-ன்னே விழணும், கூட்டி வர்ற 20 செல்லாதுன்னுட்டாரு. ரூல் அதான். பிளெஸ்ஸால ஹிட் சான்ஸ்தான் ஏறும், க்ரிட் அதே 5%-ல நிக்கும். க்ரிட் வேணும்னா அட்வான்டேஜ் (ரெண்டு டைஸ் உருட்டி பெருச எடுக்கிறது) வாங்கணும், அப்ப 9.75%. அதுக்கு ஃபேரி ஃபயர் ஸ்பெல் போட்டிருக்கலாம், ஆனா எங்க கிளெரிக் கேட்டாத்தானே!

ப்ரோ, ஒரு இடத்துல பிளெஸ் க்ரிட்டுக்கும் உதவும். எங்க விசார்டு கொள்ளக்கூட்டத் தலைவன் மேல ஹோல்ட் பர்சன் ஸ்பெல் போட்டுட்டா, ஆள் பேரலைஸ்டு, அசைய முடியாது. அப்ப 5 அடிக்குள்ள நின்னு அடிச்சு ஹிட் ஆனாலே க்ரிட்தான். நான் ரோக், அட்வான்டேஜ்ல ரெண்டு டைஸ் உருட்டியும் 6, 8-ன்னு சப்பையா விழுது. 8 கூட என் போனஸ் 7, மொத்தம் 15. அவன் ஏசி (அடி படணும்னா எட்ட வேண்டிய எண்) 17. போச்சுடான்னு நினைக்கிறப்ப பிளெஸ் டி4-ல சரியா 2! ரேப்பியர் டைஸ், ஸ்னீக் அட்டாக்னு ரோக்குக்குக் கிடைக்கிற எக்ஸ்ட்ரா 3டி6 (மூணு ஆறு பக்க டைஸ்) எல்லாம் டபுள், ஆள் அங்கயே காலி. என்ன, பிளெஸ், ஹோல்ட் பர்சன் ரெண்டுமே கான்சன்ட்ரேஷன் ஸ்பெல், ஒருத்தர் ஒரு நேரத்துல ஒண்ணத்தான் பிடிச்சு வைக்க முடியும், அதனால வேற வேற ஆள் போடணும்.

நீங்கல்லாம் பாத்ஃபைண்டர்ங்கிற இன்னொரு கேமோட செகண்ட் எடிஷனுக்கு வாங்கப்பா, அங்க ஏசிய விட 10 கூட வந்தாலே க்ரிட், அதனால ஒவ்வொரு +1-ம் தங்கம். எங்க ஃபைட்டருக்கு அட்டாக் போனஸ் +16, எதிரி ஏசி 22, டைஸ்ல 16 விழுந்தா க்ரிட். பார்டு +1 தர்ற ஹீரோயிசம் ஸ்பெல் போட்டா 15 போதும், கூடவே எதிரிய ஃப்ரைட்டன்ட் ஆக்கிட்டா (பயத்துல ஏசி 1 குறையும்) 14. 25%-ல இருந்து 35%. ஹீரோயிசத்தோட பிளெஸ்ஸையும் சேக்கலாம்னு மட்டும் பாக்காதீங்க, ரெண்டும் ஸ்டேட்டஸ் போனஸ்ங்கிற ஒரே வகை, பெருசு எதுவோ அது மட்டும்தான்.

டி அண்ட் டி 3.5 எடிஷன் ஆடுற பழைய ஆளுங்க யாரும் இல்லையா? அதுல லாங்ஸ்வோர்டுக்கு 19-20 வந்தா வெறும் த்ரெட்தான் (க்ரிட் ஆகுற வாய்ப்பு), மறுபடி உருட்டி கன்ஃபர்ம் பண்ணணும், முதல் ரோல்ல இருந்த போனஸ் எல்லாம் அதுக்கும் உண்டு. ட்ரூ ஸ்ட்ரைக் ஸ்பெல்லோட +20 வச்சு கன்ஃபர்ம் பண்ணிப் பாத்தவங்களுக்குத் தெரியும் அந்தச் சுகம். எங்க பாலடின் அதுக்கும் மேல, பிளெஸ் வெப்பன்னு வேற ஸ்பெல் போட்டுக்குவாரு, ஈவில் எதிரின்னா கன்ஃபர்ம் ரோலே வேணாம்.