மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்களா, கூடுகிறார்களா?

புளியந்தோப்பு அம்மா:
மகளுக்கு வரும் ஜூனில் ஒன்றாம் வகுப்பு. பின்தெருவிலேயே சென்னை மாநகராட்சித் தொடக்கப்பள்ளி இருக்கிறது, போய்ப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள்தான், ஆனால் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார், எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்காரர்தான் "ஆள் குறைகிற பள்ளியை மூடிவிட்டால் நடுவில் எங்கே போவது" என்கிறார். பேப்பரில் சேர்க்கை கூடியது என்றும் போடுகிறார்கள். எதை நம்புவது?

பழைய வாத்தியார்:
இரண்டுமே உண்மைதான் அம்மா. 2011ல் நகரத்தோடு சேர்ந்த அம்பத்தூர், திருவொற்றியூர் மாதிரிப் பகுதிகளில் கல்வித்துறையிடம் இருந்த 139 பள்ளிகள் 2022ல்தான் மாநகராட்சிக்கு வந்தன. அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால் கூடியதாகத்தான் தெரியும், பழைய பள்ளிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். கொரோனாவில் சம்பளம் நின்றுபோன வீடுகளிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள், அப்புறம் கொஞ்சம் பேர் தனியாருக்கே திரும்பினார்கள். நகரத்தின் நடுவில் குறைந்ததற்குக் காரணம் வேறு. கூவம் கரைக் குடும்பங்களை ஊர் ஓரத்தில் இருக்கிற கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றிய சமயம் ஒரே வாரத்தில் ஒன்பது டி.சி. எழுதினேன், அதில் ஒரு பையன் "ரிஜிஸ்டர்ல என் பேரை அடிக்காதீங்க சார்" என்று கேட்டது இன்னும் மறக்கவில்லை. பிறப்பும் குறைந்துவிட்டது, 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தைதான். பள்ளி மோசம் என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள்.

தண்டையார்பேட்டை:
எல்கேஜிக்கே தனியாருக்குப் போன பிள்ளை அப்புறம் லேசில் திரும்பி வராது, கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இருக்கிற 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் போகிறவர்களும் அந்த வயதில்தான் போகிறார்கள். எல்கேஜி இருக்கிற மாநகராட்சிப் பள்ளியில் கூட்டம் நிற்பதை நானே பார்க்கிறேன். என் பையனை மூன்றாம் வகுப்பில் மாற்றினேன், பழைய பள்ளியில் பாக்கி ஃபீஸ் கட்டினால்தான் டி.சி. என்று இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் 5வது பிரிவுப்படி எட்டாவது வரை டி.சி. தாமதம் என்று சேர்க்காமல் இருக்கக் கூடாது. எச்.எம். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். காலையில் வேலைக்கு ஓடுகிற எனக்குக் காலை உணவுத் திட்டமும் பெரிய உதவி.

பழைய வாத்தியார்:
ஒன்று விட்டுப்போச்சு. ஆகஸ்ட் 1ல் உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் இடம் முடிவாகும், தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர். எத்தனை பிள்ளைகள், எத்தனை டீச்சர் என்று எச்.எம்.மிடம் நேராகவே கேளுங்கள். சேர்ப்பதென்றால் ஜூலைக்குள் சேர்த்துவிடுங்கள்.

புளியந்தோப்பு அம்மா:
நன்றி சார், நன்றிக்கா. திங்கட்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். தங்கச்சி பையனுக்கு எல்கேஜி இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.