பந்து தட்டினால் சோறு வருமா? பெண்பிள்ளையை விளையாட்டு விடுதிக்கு அனுப்பலாமா?

கோபி அப்பா:
வணக்கமுங்க. மூத்தவள் பத்தாவது முடித்திருக்கிறாள். ஐந்தடி எட்டு அங்குலம். கூடைப்பந்தில் பள்ளி அணி, மாவட்ட அணி என்று ஆடி, இப்போது அரசு விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் அண்ணன் "பந்து தட்டுனா சோறு வருமா" என்கிறார். அவள் அம்முச்சிக்கு, புள்ள வெயிலில் கறுத்துப் போகிறாளே என்ற ஒரே கவலை. கூடைப்பந்தை நம்பி ஒரு பெண்ணுக்குப் பொழப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:
உங்க அண்ணன் கேட்டதில் தப்பில்லைங்க. நம் நாட்டில் பெண்களுக்கென்று வருஷா வருஷம் நடக்கிற, சம்பளம் தருகிற லீக் கிடையாது. சரி, அமெரிக்காவுக்கே போவோம். 2024ல் அங்கே பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வில் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கெய்ட்லின் கிளார்க்குக்கு லீக் கொடுத்த முதல் வருஷச் சம்பளம் 76,535 டாலர். அதே வருஷம் ஆண்கள் லீக்கில் முதலில் எடுக்கப்பட்ட பையனுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல். அமெரிக்க நட்சத்திர ஆட்டக்காரி டயானா டராசி 2015 சீசனில் சொந்த ஊர் லீக்கில் ஆடவே இல்லை. அவர் குளிர்காலத்தில் ஆடி வந்த ரஷ்ய கிளப், "அங்கே ஆடாமல் ஓய்வெடு, அந்தச் சம்பளத்தையும் நாங்களே தருகிறோம்" என்றது. அப்படிக் குளிர்காலத்தில் ரஷ்யாவுக்கு ஆடப் போன இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரி பிரிட்னி கிரைனர், 2022 பிப்ரவரியில் விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாகப் பிடிபட்டு, டிசம்பரில்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார். உலகத்தின் உச்சாணிக் கொம்பில் இருப்பவர்களுக்கே ரெண்டு ஊர்ப் பொழப்பு. கோபிப் பொண்ணுக்கு என்ன இருக்கிறது?

பழைய பாயின்ட் கார்டு:
மாஸ்டரண்ணா, கணக்கு சரி, கடை தப்பு. இந்த ஊரில் கூடைப்பந்து ஆடுகிற எந்தப் பொண்ணும் லீக் சம்பளத்தை நினைத்து ஆடுவதில்லைங்க. வேலைக்காக ஆடுகிறோம். நேஷனலில் நல்லா ஆடியிருந்தால் ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மனுப் போடலாம். மாநில அரசு வேலையில் மூணு சதவீதம் இருக்கிறது. நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன். கோயம்புத்தூரில் காலை அஞ்சரை மணிக்கு சிமென்ட் தரையில் ஓடுவோம். ஒரு ஜோடி ஷூ மூணு மாசம்கூடத் தாங்காது. கட்டை விரலுக்குக் கீழே முதலில் வழவழன்னு ஆகும், அப்புறம் ஒரு நாள் தரைச்சூடு நேராகக் காலில் ஏறும். அப்பா அதற்குள் சைக்கிள் டியூபை வெட்டி வைத்துத் தருவார். அந்த டியூப் ஷூவோடு ஆடித்தான் நான் மாநில அணியில் இடம் பிடித்தேன்.

அனிதா பால்துரை சென்னைப் பொண்ணு, தெற்கு ரயில்வே. இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்தவர். குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்தார். 2017ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையின் இரண்டாம் நிலையான பி பிரிவில், இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை ரெண்டே புள்ளியில் ஜெயித்த அணியில் அவரும் உண்டு. 2021ல் பத்மஸ்ரீ. இது பொழப்பு இல்லையென்றால் வேறு எதுங்க பொழப்பு?

பொள்ளாச்சி கேலரி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். கோடை லீவில் வ.உ.சி. பூங்கா பக்கம் அகில இந்தியப் போட்டி பார்க்கப் போவேன். ரயில்வே பொண்ணுங்க பந்தை வாங்கித் திரும்பும் வேகத்தைப் பார்த்தால் கையிலிருக்கிற கடலைப் பொட்டலம் மறந்துபோகும். கீது அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேதான். ஆறடிக்கு மேல் உயரம். ஆஸ்திரேலியாவில் கிளப்புக்கு ஆடினார், 2011ல் மூணு அமெரிக்க அணிகள் ட்ரயலுக்குக் கூப்பிட்டன. எடுக்கவில்லை என்பது வேற கதை.

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:
வேற கதை இல்லைங்க, அதுதான் கதையே. அம்மணி, நீங்கள் ஜெயித்தவர், அதனால் ஜெயித்தவர்களைக் காட்டுகிறீர்கள். என் அக்கா மகளைக் காட்டட்டுமா? பத்தொன்பது வயசு. வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்துக்கு, அதான் ரீபவுண்டுக்கு, எகிறி ஒற்றைக் காலில் இறங்கினாள். யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. கேலரியில் இருந்த எனக்கே சத்தம் கேட்டது, முருங்கைக் காயை ஒடிக்கிற மாதிரி. மூட்டு ஜவ்வு அறுந்துபோச்சு. அடிபட்ட அன்று ஆட்டோவுக்குக்கூட அவள் படித்த கல்லூரி காசு தரவில்லை. ஆபரேஷன் முழுக்க எங்கள் செலவு. அடுத்த சீசனில் அவள் இடத்தில் வேறொரு பிள்ளை. வேலைக்கு மனுப் போட வேண்டிய வருஷத்தில் அவள் ஊன்றுகோலோடு மாடியேறப் பழகிக்கொண்டிருந்தாள். இப்போது என் பக்கத்து டேபிளில் செக்கிங். முழங்கால் பெல்ட்டை இன்னும் டிராயரில் வைத்திருக்கிறாள்.

பழைய பாயின்ட் கார்டு:
மனசு கனத்துப்போச்சு அண்ணா. அந்த ஜவ்வு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக அறுகிறது, உண்மைதான். ஆனால் எப்படிக் குதித்து இறங்குவது என்று சொல்லிக்கொடுத்தால் பாதிப்பு குறையும். ரெண்டு காலில், முட்டி உள்ளே சாயாமல், சத்தமில்லாமல் இறங்கணும். எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கோபி அண்ணா, விடுதியில் கோப்பை எத்தனை என்று கேட்காதீர்கள். மரத்தரையா சிமென்டா, பிசியோ யாராவது வருகிறார்களா, அடிபட்டால் செலவு யாருடையது, இதைக் கேளுங்கள்.

பெக்கி ஹேமன் என்று ஒரு அமெரிக்க ஆட்டக்காரி. 1999ல் எந்த அணியும் எடுக்கவில்லை, ஐந்தரை அடிதான். 2013ல் அவருக்கும் மூட்டு ஜவ்வு அறுந்தது. ஆட முடியாத அந்த மாதங்களில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் ஆண்கள் அணியின் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தார். 2014ல் அங்கேயே உதவிப் பயிற்சியாளர். அப்புறம் லாஸ் வேகஸ் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி 2022, 2023, 2025 மூணு பட்டம்.

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:
அவருக்குப் போய் உட்கார ஒரு ஸ்பர்ஸ் இருந்தது. எங்கள் பிள்ளைக்கு நாற்காலி போட்டவர் யார்?

பழைய பாயின்ட் கார்டு:
யாருமில்லை அண்ணா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோபி அப்பா:
எல்லோருக்கும் நன்றிங்க. இன்று காலை விடுதிக்குப் போன் செய்தேன். மரத்தரை இருக்கிறதாம். பிசியோ வாரம் ரெண்டு நாள். செலவு பற்றிக் கேட்டதற்கு "வாங்க, பேசிக்கலாம்" என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மாஸ்டர் எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த அக்கா எந்தக் கால்ல இறங்குனாங்க" என்று மட்டும் கேட்டாள். எழுதிக் கொடுத்தால் அனுப்புவதாக இருக்கிறோம். பதினொன்றாவதில் எந்தக் குரூப் எடுக்கலாம்?

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:
இடது கால். காமர்ஸ் போடுங்க, பிராக்டிகல் அதிகம் இருக்காது, கேம்புக்குப் போய் வந்தாலும் சமாளிக்கலாம். எழுதித் தரவில்லையென்றால் அனுப்பாதீங்க. மூட்டைப் பற்றிச் சொன்னதை நான் திரும்ப வாங்கவில்லை.