அம்மாவோட பாரிஸ் போறோம், அம்ப்வாஸ்ல ஒரு ராத்திரி தங்கலாமா?

செந்தூல்_பொண்ணு:
வணக்கம், மே மாசம் அம்மாவ கூட்டிட்டு பாரிஸ் போறேன். பாரிஸோட திரும்பி வர மனசில்ல, ஆத்தோரமா பழைய சின்ன டவுன் ஒன்னு பாக்கணும்னு அம்மாவுக்கு ஆசை, அதான் லுவார் ஆத்துக்கரைல அம்ப்வாஸ்னு பாத்து வச்சிருக்கேன். காலைல பஸ்ல ஏத்தி மூணு அரண்மனைய காட்டிட்டு ராத்திரி பாரிஸ்லயே எறக்கி விடற டூர் இருக்கு, அது போதுமா இல்ல சொந்தமா போயி தங்கலாமா? அம்மாவுக்கு முட்டி வலி, சுத்த சைவம், முட்டை கூட தொட மாட்டாங்க. அங்க காடி ஓட்ட எனக்கு தைரியம் இல்ல லா.

பூச்சோங்_மாறன்:
டூர் பஸ் வேணாம்க்கா, முட்டி வலிக்காரங்கள நாள் பூரா ஏத்தி எறக்கியே கொன்னுடுவாங்க. பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் ஸ்டேஷன்ல இருந்து நேரா ரயில் இருக்கு, சுமாரா ரெண்டு மணி நேரம். மோம்பர்னாஸ்னு பாரிஸ்ல இன்னொரு ஸ்டேஷன், அங்கேருந்து டிஜிவின்னு அதிவேக ரயில் வேகமா போகும், ஆனா நடுவுல மாறணும், பெட்டியோட அம்மாவ இழுத்துட்டு ஓடணும், அது எதுக்கு.

ஒன்னு தெரிஞ்சுக்குங்க, ஸ்டேஷன் ஆத்துக்கு அந்தாண்ட இருக்கு, ஊரு இந்தாண்ட. நடுவுல தீவு, அதத் தாண்டி பாலத்துல நடந்து வரணும், முடியலன்னா முன்னாடியே டாக்சி சொல்லி வச்சுடுங்க, நம்ம ஊரு கிராப் மாதிரி உடனே வராது. ஆனா ஊர்ல இருக்கற அம்ப்வாஸ் கோட்டைய முழுசா பாக்கணும்னா அந்த பாலத்துல இருந்துதான் பாக்கணும், சாயங்காலம் வெயில் எறங்கறப்ப வெள்ளக் கல்லு மஞ்சளாயிடும். லுவார நம்ம கோலாலம்பூர் மஸ்ஜிட் ஜாமேக் ஆறு மாதிரி சிமெண்ட் போட்டு அடைக்கல, மணல் திட்டு, மரம், கொக்குன்னு அது பாட்டுக்கு கெடக்கும். டூர்காரங்க இதப் பாக்கறதுக்குள்ள பஸ் கெளம்பிடும்.

கோட்டைக்கு ஏத்தம் உண்டு, மெதுவா போங்க. குதிரை மேல வரைக்கும் ஏறி வர்றதுக்காக ஒரு டவர் உள்ள படியே இல்லாம சுத்திச் சுத்தி சரிவா கட்டிருக்காங்க. எட்டாம் சார்லஸ் ராஜா 1498ல இங்கதான் வாசல் நெலைல தலைய இடிச்சுகிட்டு அன்னைக்கே செத்துப் போனாரு, ஹாஹா பாவம். டாவின்சி சமாதின்னு சொல்றதும் கோட்டை மேல இருக்கற சின்ன சேப்பல்லதான்.

கிள்ளான்_ராஜா:
தங்கறது சரி புரோ, ஆனா அம்ப்வாஸ் கோட்டைய விட ஷெனோன்சோதான் அம்மாவுக்கு புடிக்கும்னு நான் சொல்வேன். ஷேர் ஆத்துக்கு குறுக்க பாலம் மாதிரி நிக்குது அந்த அரண்மனை, கீழ் மாடி நீளமான ஹால், சமதரை, முட்டிக்கு பிரச்சனை இல்ல. முதல் உலகப் போர்ல அந்த ஹால் ஆஸ்பத்திரியா இருந்துச்சு. ரெண்டாவது போர்ல இந்தக் கரை ஜெர்மன்காரன் கைல, அந்தக் கரை அவன் புடிக்காத பகுதி, ஜனங்க அரண்மனை வழியா அந்தப் பக்கம் தப்பிச்சுப் போயிருக்காங்க. தூர் டவுன்ல இருந்து ரயில் எடுத்தா ஸ்டேஷன் கேட்டுக்கு பக்கத்துலயே. டாவின்சி வீடு க்ளோ லூசே, 1516ல வந்து 1519ல அங்கயே எறந்துட்டாரு, மாடிப்படி ஏற முடியலன்னா தோட்டத்துல அவரு டிசைன் பண்ண மெஷினெல்லாம் பெருசா செஞ்சு வச்சிருக்காங்க, அத பாத்தாலே போதும்.

பினாங்கு_அத்தை:
யாருமே சாப்பாட்டப் பத்தி பேசல பாருங்க! கண்ணு, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போனா பல கடைல அடுப்பு அணைச்சுடுவான், ராத்திரி ஏழு ஏழரைக்குதான் மறுபடியும். திங்கக்கெழம பாதி கடை பூட்டிக் கெடக்கும், அன்னைக்கு போகாத. கீஷ்னு அவன் சுடற பலகாரத்துல முட்டை, பாதி நேரம் பன்னிக்கறியும் இருக்கும், அம்மா கிட்ட காட்டாத. கோதுமை மாதிரி கருப்பா ஒரு மாவுல கலேத்னு தோசை சுடுவான், மாவுல முட்டை இருக்கான்னு கேட்டுட்டு காளான், சீஸ் மட்டும் வைக்கச் சொல்லு. அந்தப் பக்கத்து ஆட்டுப்பால் சீஸ், உருட்டு மாதிரி நீளமா, மேல சாம்பல் பூசி நடுவுல வைக்கோல் சொருகி இருக்கும், ருசி பிரமாதம். ஆனா கன்னுக்குட்டியோ ஆட்டுக்குட்டியோ, அது வயித்துல எடுக்கறத போட்டுத்தான் பால ஒறைய வப்பான், அம்மா அவ்வளவு சுத்தம்னா சொல்லிடு. அடுப்பு உள்ள ரூமா எடுத்து குட்டி ரைஸ் குக்கர் கொண்டு போ, ஞாயித்துக்கெழம காலைல ஆத்தோரம் பெரிய சந்தை, காய் வாங்கிக்கலாம்.

செந்தூல்_பொண்ணு:
நன்றி அத்தை, நன்றி அண்ணே எல்லாருக்கும். சீஸ் விஷயம் அம்மா கிட்ட சொன்னேன், "அப்ப எனக்கு வேணாம், நீயே தின்னு"ன்னுட்டாங்க. சனிக்கெழம போயி தங்கி, ஞாயிறு சந்தை பாத்துட்டு மத்தியானம் ரயில் ஏறலாம்னு இருக்கேன், ஷெனோன்சோவும் சேத்தா ரெண்டு ராத்திரி ஆகும் போல, ஆனா திங்கக்கெழம மாட்டிக்குமே?

பூச்சோங்_மாறன்:
அப்ப வெள்ளிக்கெழமையே போயிடுங்க, அன்னைக்கு காலைலயும் சந்தை உண்டு. சனிக்கெழம ஷெனோன்சோ. ரூம மட்டும் இப்பவே புக் பண்ணுங்க, மே மாசம் லீவு நெறைய அவங்களுக்கு.