குழு சேமிப்புப் பணத்தை பேங்க் பிடிச்சு வைக்கலாமா?

பாலக்கோடு ஊக்குநர்:
எங்க சுய உதவிக் குழுவுல 12 பேர், மகளிர் திட்டத்துல பதிவு பண்ணது. போன மாசம் 6 லட்சம் கடன் வந்துச்சு. சந்தோஷமா பாஸ்புக் என்ட்ரி போடப் போனா, சேமிப்புல இருந்த 64,300-ல 60,000-ஐ எடுக்க முடியாதாம். கேட்டா, "கடனுக்குப் பத்து பர்சென்ட் நிக்கணும்மா, எல்லா குழுவுக்கும் இப்படித்தான்"ங்கறாங்க.

ஒரு அக்கா தக்காளிக்கு மருந்தடிக்க குழு சேமிப்புலேருந்து 8,000 உள்கடன் கேட்டாங்க. தீர்மானம் எழுதி, 11 கையெழுத்து, ஒரு கைநாட்டு எல்லாம் வாங்கியாச்சு. பணம் எடுக்கற சீட்டு கவுன்டர்ல திரும்பி வந்துருச்சு. அக்கா வாரக்கடன்ல போய் விழுந்துட்டாங்க. இப்ப தவணைக்கு ஏழு மணிக்கே ஆள் வந்து திண்ணையில உக்காந்துக்கறாரு. எங்க பணம் பேங்க்ல சும்மா கெடக்கு. இது சரியா?

ரிட்டயர்டு காசாளர், கிருஷ்ணகிரி:
சரியே இல்லைம்மா. ரிசர்வ் வங்கி விதிப்படி இந்தத் திட்டக் குழுக்களுக்கு 10 லட்சம் வரைக்கும் ஜாமீனும் கேக்கக் கூடாது, மார்ஜினும், அதாவது நம்ம பங்குன்னு ஒரு தொகையும், கேக்கக் கூடாது. சேமிப்புக் கணக்குல லீன் போடக் கூடாது, அதாவது பணத்தை எடுக்க விடாம பிடிச்சு வைக்கக் கூடாது, கடன் தரும்போது டெபாசிட் கட்டச் சொல்லவும் கூடாது. 2021-லிருந்து 20 லட்சம் வரை ஜாமீன் இல்லாமத் தரலாம், அதுக்கும் லீன் கிடையாது. கவுன்டர்ல வாதாடாதீங்க, அங்க இருக்கற பொண்ணு என்ன பண்ணும்? மேனேஜருக்கு மனு எழுதி, நகல்ல தேதியோட சீல் வாங்கிக்கோங்க. 30 நாள்ல பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போடலாம், காசு கிடையாது. விவரத்துக்கு 14448.

போச்சம்பள்ளி சந்தை:
விதி எல்லாம் சரிங்க சார். மனு கொடுத்தா அடுத்த கடனுக்கு இழுத்தடிப்பாங்களே, அதுக்கு என்ன பண்றது? எங்க குழு அந்த பயத்துலயே ரெண்டு வருஷமா வாயத் திறக்கல.

ரிட்டயர்டு காசாளர், கிருஷ்ணகிரி:
தனியா போகாதீங்க. ஊராட்சியில இருக்கற குழுக்களோட கூட்டமைப்பு மூலமா போங்க, மகளிர் திட்ட ஆபீசுக்கும் மாவட்ட பேங்க்குகளை ஒருங்கிணைக்கற முன்னோடி வங்கி மேலாளருக்கும் ஒரு நகல் அனுப்புங்க. மகளிர் திட்டக் குழுவே 1989-ல நம்ம தருமபுரியிலதான் ஆரம்பிச்சது, அப்ப கிருஷ்ணகிரியும் அதுக்குள்ள. நாமளே பயந்தா எப்படி?

பாலக்கோடு ஊக்குநர்:
இன்னிக்குக் கொடுத்தாச்சு. சீல் வாங்க ஒன்றரை மணி நேரம். மேனேஜர் ரெண்டு தடவ படிச்சுட்டு, "யாரும்மா எழுதிக் கொடுத்தது?"ன்னாரு. தீர்மான நோட்டை நீட்டினேன். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காரு. தக்காளி அக்காவையும் கூட்டிட்டுப் போறேன்.