உதவி தேவை: புதிய பொய்லரில் தண்ணீர்ச் சூட்டை எப்படி அமைப்பது? சனிக்கிழமைகளில் வீடு குளிர்கிறது

வாசுகி (ஈஸ்ட் யோர்க், ரொறன்ரோ):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு 1930களில் கட்டியது. அறைக்கு அறை பெரிய வார்ப்பிரும்பு ரேடியேற்றர்கள்தான். போன ஒக்டோபரில் பழைய பொய்லரைக் கழற்றிவிட்டு, சுவரில் மாட்டும் கண்டென்சிங் பொய்லர் போட்டோம். பூட்ட வந்தவர்கள் வெளியே ஒரு சென்சரை வைத்து, "இனி அது தானாகவே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது கூப்பிட்டால் மார்ச்சில்தான் வருவார்களாம்.

தெர்மோஸ்ரற்றில் இரவுக்கு 16, காலை 6 மணிக்கு 21 என்று போட்டிருக்கிறேன். பதினொரு மணியாகியும் 19ஐத் தாண்டுவதில்லை. சனிக்கிழமை இன்னும் மோசம். மத்தியானம் ரேடியேற்றரில் கை வைத்தால் ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பை மாதிரி இருக்கிறது. மாமிக்கு 78 வயது, போர்வையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். பார்க்கவே மனம் கேட்கவில்லை.

மெனுவில் அவுட்டோர் ரீசெட் (வெளிக் குளிரைப் பார்த்துத் தண்ணீர்ச் சூட்டை மாற்றும் அமைப்பு) என்ற இடத்தில், வெளியே -20 என்றால் தண்ணீர் 70 டிகிரி, வெளியே +15 என்றால் 35 டிகிரி என்று இருந்தது. நான் 70ஐ 82 ஆக்கினேன். இப்போது சில நாள் வீடு 24 வரை போய்ப் புழுங்குகிறது, சனிக்கிழமை மட்டும் பழையபடி குளிர்தான். எந்த எண்ணை மாற்ற வேண்டும்?

சிவா_மிசிசாகா:

அக்கா, அந்த அவுட்டோர் ரீசெட்டை நிறுத்திவிட்டு, தண்ணீரை நிரந்தரமாக 80இல் வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது, குளிர்ப் பிரச்சினையே இல்லை.

குழாய்வேலை:

சிவா, உங்கள் பொய்லர் பழைய வகையாக இருந்தால் சரி. கண்டென்சிங் பொய்லருக்கு அது வேண்டாம். ரேடியேற்றரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி, தன் சூட்டை நமக்குத் தரும். எப்போதும் 80இல் ஓட்டினால் அந்தச் சூடு புகைக்குழாய் வழியாக வெளியே போய்விடும். அதற்காகத்தானே கூடுதல் காசு கொடுத்து இந்த வகையை வாங்குகிறோம்.

வாசுகி, எண்களைத் தொடுவதற்கு முன் எனக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். பொய்லர் திரையில் வெளி வெப்பம் எவ்வளவு காட்டுகிறது? அந்தச் சென்சர் எந்தச் சுவரில் இருக்கிறது? முடிந்தால் சனிக்கிழமை மத்தியானமே போய்ப் பாருங்கள்.

வாசுகி (ஈஸ்ட் யோர்க், ரொறன்ரோ):

அண்ணா, இன்று சனி. இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். திரையில் +9 என்று நிற்கிறது. வெளியே -6!

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன். சென்சர் தெற்குச் சுவரில் இருக்கிறது. அதற்கு ஒரு முழம் கீழே டிரையரின் காற்றுக்குழாய். அந்த இடத்தில் மட்டும் பனி உருகிச் செங்கல் ஈரமாகத் தெரிகிறது. சென்சர் மூடியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமைதான் நாங்கள் கிழமை முழுவதற்குமான உடுப்புத் தோய்க்கும் நாள்.

குழாய்வேலை:

அதுதான் காரணம். உங்கள் பழைய எண்களையே எடுங்கள். -20க்கு 70, +15க்கு 35, அதாவது வெளியே ஒரு டிகிரி குறைந்தால் தண்ணீர் ஒரு டிகிரி கூடும். -6க்கு 56 டிகிரித் தண்ணீர் போக வேண்டும். டிரையர் காற்று பட்டு +9 என்று நினைப்பதால் பொய்லர் 41தான் அனுப்புகிறது. மற்ற நாளில் சென்சர் ஓரளவு சரியாகக் காட்டும்போது உங்கள் 82 வேலை செய்கிறது. வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், தெர்மோஸ்ரற் நிறுத்திய பிறகும் அறை ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் 24.

சென்சரை வடக்குச் சுவருக்கு மாற்றுங்கள். வெயில், ஜன்னல், எந்தக் காற்றுக்குழாயும் பக்கத்தில் வேண்டாம். பனி குவிந்து மூடாத உயரத்தில் இருக்கட்டும். மெல்லிய இரண்டு கம்பிதான், நீட்டிக்கொள்ளலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பொய்லரின் முன்மூடியைத் திறக்காதீர்கள். ஒன்ராறியோவில் எரிவாயு சம்பந்தமான வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்யலாம்.

அப்புறம் 82ஐத் திரும்ப 70 ஆக்குங்கள். இரவு 16 வேண்டாம், 19 போதும். இந்த முறையில் தண்ணீர் அன்றைய குளிருக்கு அளவாகத்தான் சூடாகும். ஐந்து டிகிரி இறங்கிய வீட்டைக் காலையில் சட்டென்று தூக்கிவிட அதில் மிச்சம் இருக்காது. கடும் குளிரில் மட்டும் வீடு எட்டவில்லையென்றால் 70ஐ மூன்று டிகிரி கூட்டி ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். ஏப்ரல் மாதிரி இதமான நாளில் குளிர்ந்தால் கீழே உள்ள 35ஐக் கூட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் தொட்டால் எது உதவியது என்று தெரியாது. பொய்லர் மணிக்கணக்கில் மெதுவாக ஓடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஓட வேண்டும்.

குளிக்கிற தண்ணீருக்குத் தனித் தொட்டி இருந்தால் அதன் சூட்டை 60 டிகிரிக்குக் கீழே குறைக்காதீர்கள். அதற்குக் கீழே போகப் போக லீஜியோனெல்லா என்ற கிருமி வளர இடம் கிடைக்கும். வீட்டில் வயதானவர் இருக்கிறார்.

மொன்றியல் நந்தா:

எங்கள் வீட்டில் தரைக்குள் குழாய். இதே 70, 35 போடலாமா?

குழாய்வேலை:

கூடாது. தரைக்குப் பெரும்பாலும் 30 முதல் 45 வரை போதும். 70 டிகிரித் தண்ணீர் விட்டால் பலகைத் தரை வெடித்துப் பிளக்கும், காலும் பொறுக்காது. உங்கள் பொருத்துநர் தந்த உச்ச எண்ணைத் தாண்ட வேண்டாம்.

வாசுகி (ஈஸ்ட் யோர்க், ரொறன்ரோ):

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். தம்பி வந்து சென்சரை வடக்குப் பக்கம் மாற்றித் தந்தான். இன்று வெளியே -12, திரையிலும் -12, தண்ணீர் 62. காலை ஏழு மணிக்கு வீடு 21. நேற்றுச் சனி, மூன்று தடவை டிரையர் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மாமி போர்வையை மடித்து வைத்துவிட்டார். அண்ணா, உங்களுக்குப் பெரிய நன்றி.

மேல்மாடி அறையில் ஒரு ரேடியேற்றர் மட்டும் மேல்பாதி குளிராக இருந்தது. சாவியால் காற்றைத் திறந்துவிட்டேன், நெடுநேரம் சீறிவிட்டுத் தண்ணீர் வந்தது. இப்போது முழுவதும் சூடு. ஆனால் பொய்லர் அழுத்தமானி 9 பி.எஸ்.ஐ. காட்டுகிறது. அது சரியா?

குழாய்வேலை:

குறைவு. காற்று போன இடத்துக்குத் தண்ணீர் வேண்டும். பொய்லரை நிறுத்தி ஆறவிட்டு, நிரப்பும் வால்வை மெல்லத் திறந்து 12க்கும் 15க்கும் இடையில் வந்ததும் மூடுங்கள். இரண்டு கிழமையில் மறுபடி இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது, அப்போது இங்கேயே எழுதுங்கள்.